பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பூங்காவுக்கு மூன்று தடவை புறப்பட்டு, மூன்றாவது தடவைதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். முதல் தடவை ஆட்டோக்காரரிடம் இடத்தின் பெயரைத் தப்பாகச் சொல்லி, பூச்சாடிக் கடைகளுக்கு நடுவில் போய் இறங்கினேன். இரண்டாவது தடவை சரியான இடம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி, காலில் ரப்பர் செருப்பு. ஒரு கொக்கைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை; பலகைப் பாதையில் வழுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டதுதான் மிச்சம். மூன்றாவது தடவை டொரன்டோவிலிருந்து வந்திருந்த மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே எல்லாம் நல்லபடி நடந்தது. வாசலில்தான் எனக்கும் அவளுக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். அதைக் கீழே சொல்கிறேன்.

உள்ளே போய்விட்டால் கஷ்டமே இல்லை. பாதை போட்டு வைத்திருக்கிறார்கள், இரண்டு மணித்தியாலம் ஆறுதலாக நடந்தால் போதும். சிக்கல் எல்லாம் வீட்டு வாசலுக்கும் பூங்கா வாசலுக்கும் இடையில்தான். அதனால் இந்தக் கட்டுரையிலும் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

1. எந்த ஈரநிலம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சாசனம் 2018இல் முதல் முறையாக உலகில் 18 நகரங்களை ஈரநில நகரங்கள் என்று அங்கீகரித்தபோது, அதில் கொழும்பும் இருந்தது. அதனால் தேடிப் பார்த்தால் ஐந்தாறு பெயர் வரும். எல்லாம் ஒரே மாதிரி இடம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெத்தகான, கோட்டேயில் இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுர சரணாலயத்துக்கு உட்பட்ட சுமார் 18 ஹெக்டேயர் நிலம். நகர அபிவிருத்தி அதிகாரசபை பராமரிக்கிறது. வாசல், டிக்கெட், பலகைப் பாதை, பறவை பார்க்க மறைவுக் குடில் எல்லாம் உண்டு. தியசரு பூங்கா, தலவத்துகொடப் பக்கம். அதற்கும் வாசலும் டிக்கெட்டும் உண்டு, ஆனால் பொறுப்பு வேறு நிறுவனம், காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். தலங்கம குளம் பாதுகாக்கப்பட்ட பகுதிதான், ஆனால் டிக்கெட் ஒன்றும் கிடையாது. குளத்தோரம் வீதியில் நின்று பார்ப்பதுதான்.

பெல்லன்வில - அத்திடிய சரணாலயம் வரைபடத்தில் பெரிய பச்சைத் திட்டாகத் தெரியும். 1990இல் அறிவிக்கப்பட்டது, 372 ஹெக்டேயர், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. பெரிய இடமாச்சே, அங்கேயே போவோம் என்று தோன்றும். ஆனால் பூங்கா மாதிரி ஒரு வாசலைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். அதன் ஓரங்களில் நடக்கலாம், நடுவுக்குள் பாதை எதிர்பார்க்கக் கூடாது. முத்துராஜவெல நகரத்துக்கு வடக்கே, ஜா-எலப் பக்கம். அது படகில் பார்க்கிற இடம், நடந்து பார்க்கிற இடமில்லை.

முதல் தடவை என்றால் பெத்தகான போங்கள். சின்ன இடம், வழி தவறாது, பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகலாம்.

2. பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள்

இதை ஒரு படியாகப் போட்டதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். என் முதல் பயணம் கெட்டதே இதில்தான்.

சிங்களத்தில் ‘திய’ என்றால் தண்ணீர். அதனால் அந்தப் பக்கத்தில் பல பெயர்கள் ‘திய’ என்றே தொடங்கும். தியவன்னா என்பது பாராளுமன்றத்தைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பு. தியத்த உயன என்பது பத்தரமுல்லையில், பூங்கன்றுக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் உள்ள இடம், மாலையில் குடும்பத்தோடு போக நல்லது. தியசரு என்பதுதான் மேலே சொன்ன ஈரநிலப் பூங்கா. நான் “தியவன்னா பக்கம் பார்க்” என்று சொன்னேன். அவர் நியாயமாகவே என்னைத் தியத்த உயனவில் இறக்கிவிட்டார். பிழை என்னுடையது.

அடுத்தது தமிழில் படிக்கிற நமக்கே உரிய பொறி. கொழும்பு ஃபோர்ட்டும் ‘கோட்டை’, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயும் தமிழில் பல இடங்களில் ‘கோட்டை’ என்றே எழுதப்படுகிறது. “கோட்டையில் சந்திப்போம்” என்று செய்தி அனுப்பினால் ஒருவர் ரயில் நிலையத்தில் நிற்பார், மற்றவர் பத்துக் கிலோமீட்டர் தள்ளி நிற்பார். பூங்கா இருக்கும் கோட்டேயைக் ‘கோட்டே’ என்றே எழுதுங்கள், அதுதான் எல்லாருக்கும் நல்லது.

இதை விட மோசமானது இறங்குமிடத்தின் பெயர். நீங்கள் இறங்க வேண்டியது பிடகோட்டே. பஸ் பலகையில் அதே மாதிரி இன்னொரு பெயரும் இருக்கும்: பிடகொட்டுவ. அது புறக்கோட்டை! சிங்களத்தில் ‘பிட’ என்றால் வெளி, அதனால் அர்த்தப்படி இரண்டுமே புறக்கோட்டைதான். நடத்துனர் அவசரத்தில் கத்தும்போது இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும். ஏறும்முன் “பிடகோட்டே சந்தி?” என்று கேட்டு, அவர் தலையாட்டியபின் ஏறுங்கள்.

ஆட்டோவுக்குச் சொல்ல வேண்டிய முழுப் பெயர்: பெத்தகான தெத்பிம் உத்யானய. தெத்பிம் என்றால் ஈரநிலம். முதல் எழுத்தை ‘பேக்’ என்று பையைச் சொல்வது போல் உச்சரித்தால் உடனே புரிந்துகொள்வார்கள். பெத்தகான என்று மட்டும் சொன்னால் அது ஊரின் பெயர். அந்த ஊருக்குள் எங்கேயும் இறக்கிவிடலாம்.

3. நாளும் நேரமும்

நேரம்தான் இந்தப் பயணத்தில் பாதி. டிக்கெட் எடுத்து, வியர்த்து, ஒன்றுமில்லாமல் திரும்புகிறவர்கள் எல்லாரும் பகலில் போனவர்கள்தான்.

காலை ஆறரை மணிக்கு வாசலில் நிற்கும்படி புறப்படுங்கள். ஒன்பது மணி தாண்டினால் பறவைகள் நிழலுக்குள் போய்விடும்; பத்து மணிக்கு வெயில் பலகையில் பட்டு முகத்தில் திரும்ப அடிக்கும். மாலை என்றால் நான்கு மணிக்கு உள்ளே போய்விட வேண்டும். இருட்டுவதற்கு முன்பே மூடிவிடுவார்கள், கடைசி நேரத்தில் டிக்கெட் கேட்டுக் கெஞ்சுவதில் பயனில்லை.

மாதம் என்று பார்த்தால் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை வலசைப் பறவைகள் இருக்கும். அதிலும் ஜனவரியும் பெப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள், அதற்கே போங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு மழை கொட்டும். அந்த மாதங்களில் காலை மட்டும். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும். அப்போதும் போகலாம், இங்கேயே இருக்கும் பறவைகள் இருக்கத்தான் செய்யும். ஆனால் இது வெள்ளத்தைத் தாங்குவதற்கென்றே உள்ள நிலம். நகரத்தில் வெள்ள எச்சரிக்கை என்றால் அங்கே பாதையே தண்ணீருக்குள் இருக்கலாம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்திருந்தால் முதல் நாளே விசாரித்துவிட்டுப் போங்கள்.

போயா (முழுநிலவு) தினத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் தவிருங்கள். கூட்டம் அதிகம் என்பதோடு, அந்த நாட்களில் கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வருவார்கள். மணப்பெண்ணின் சேலைத் தலைப்பை நான்கு பேர் பிடித்து நிற்கும் பலகைப் பாதையில் நீங்கள் எங்கே நடப்பது?

4. என்ன ஆவணம் எடுத்துப் போக வேண்டும்

உள்ளூர்க்காரர் என்றால் தேசிய அடையாள அட்டை. பெரும்பாலும் கேட்கமாட்டார்கள், அதனால்தான் பலர் எடுத்துப் போவதில்லை. ஆனால் கேட்டால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சாரதி அனுமதிப்பத்திரமோ பாஸ்போர்ட்டோ இருந்தாலும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இடம் பாராளுமன்றத்துக்கு அண்மையில் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் அடையாள அட்டை இல்லாமல் காலை இருட்டில் நடப்பது புத்திசாலித்தனம் இல்லை.

இனி மச்சாள் கதை. டிக்கெட்டில் உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம். வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், கனடாப் பாஸ்போர்ட், இரட்டைப் பிரஜாவுரிமையும் எடுத்திருக்கிறாள். அந்தச் சான்றிதழும் புது அடையாள அட்டையும் எங்கே? வெள்ளவத்தையில், பெட்டிக்குள், பூட்டி. “நான் இங்கே பிறந்தவள், தமிழில்தானே கதைக்கிறேன்” என்று அவள் சொல்ல, “தமிழில் கதைத்தால் டிக்கெட் குறையுமா?” என்று நான் சொல்ல, பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் வெளிநாட்டுக் கட்டணத்தைக் கட்டித்தான் போனோம். அவர்கள் பக்கம் பிழையே இல்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்.

ஆகவே வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் வந்திருந்தால், வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் இலங்கை அடையாள அட்டையோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ கையில் இருக்க வேண்டும். இங்கே வேலை விசாவில் இருப்பவர்கள் வதிவிட விசாப் பக்கத்தைக் கொண்டுவந்து, எந்தக் கட்டணம் என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் மட்டும்தான் என்றால் அதற்குரிய காசை எடுத்து வையுங்கள். தமிழர் என்பது கட்டண வகை அல்ல.

கைத்தொலைபேசியில் படம் எடுக்க ஒரு தாளும் தேவையில்லை. ஆனால் கல்யாணப் படம், விளம்பரம், ரிஃப்ளெக்டரும் உடுப்புப் பெட்டியுமாகப் போகும் படப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் தனி அனுமதியும் தனிக் கட்டணமும் உண்டு. முதலே பேசி வைக்காமல் போய் நின்றால் அலங்காரச் செலவும் வீண். பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டமாகக் கொண்டுபோகிறீர்கள் என்றால் அதிபரின் கடிதத்தோடு முன்கூட்டியே அறிவியுங்கள். ட்ரோனை வீட்டில் வையுங்கள். அதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தேவை, பாராளுமன்றம் வேறு பக்கத்தில். பறவைகளும் அதைப் பருந்து என்று நினைத்துச் சிதறும்.

5. செலவு

உள்ளூர்க்காரருக்கு டிக்கெட் ஒரு சுமையே இல்லை. கட்டணம் அடிக்கடி மாறுவதால், பழைய பதிவுகளில் பார்த்த தொகையை நம்பிக் காசை எண்ணிக் கொண்டுபோகாதீர்கள். வாசலில் உள்ள பலகைதான் கணக்கு. சிறுவர்களுக்குக் குறைவு.

உண்மையான செலவு ஆட்டோவில்தான். வெள்ளவத்தையிலிருந்து பிக்மீ செயலியில் கூப்பிட்ட ஆட்டோவுக்கு எனக்கு ஒரு வழிக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் ஆனது. வீதியில் கைகாட்டி நிறுத்தினால் அதற்கு மேல் கேட்பார்கள், அதுவும் “திரும்பி வர ஆள் கிடைக்காது” என்ற முன்னுரையோடு. பஸ் என்றால் இதில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

ரொக்கமாகக் கொண்டுபோங்கள். காலை ஆறரை மணிக்கு ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் எந்த டிக்கெட் ஜன்னலிலும் சில்லறை இருக்காது. நூறு, ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக முதல் நாளே மாற்றி வைத்துவிடுங்கள். பஸ்ஸுக்கும் அதுதான் உதவும்.

வழிகாட்டி என்று ஒருவரைத் தனியாகக் காசு கொடுத்துப் பிடிக்கத் தேவையில்லை. பறவைகளில் பழகிய ஒரு நண்பர் இருந்தால் அவருக்குப் பிளேன்டீயும் ஒரு மாலுபாணும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

6. பையில் என்ன

சப்பாத்து. வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பலகைப் பாதையில் நிழல் விழும் இடங்களில் பாசி பிடித்திருக்கும், பார்வைக்குத் தெரியாது. நான் விழுந்தது அப்படி ஓர் இடத்தில்தான். முழங்கால் போனது பரவாயில்லை. கையிலிருந்த போன் பலகை இடைவெளிக்கு ஒரு விரல் தூரத்தில் போய் நின்றது. கீழே கறுத்த சேறு. விழுந்திருந்தால் விழுந்ததுதான். அன்றையிலிருந்து போனுக்குக் கழுத்துக் கயிறு போட்டிருக்கிறேன்.

முழுக்கை, முழுக் காற்சட்டை. நிறம் மங்கலாக இருக்கட்டும்; பளிச்சென்ற வெள்ளை, சிவப்பு வேண்டாம். நுளம்பு கடிக்கும், பூசுகிற மருந்தை வீட்டிலேயே பூசிக்கொண்டு போங்கள். சதுப்பு நிலம் என்றால் டெங்கு வரும் என்று எங்கள் அம்மா பயந்தார். டெங்கு நுளம்பு பெருகுவது தேங்காய்ச் சிரட்டையிலும் பூச்சாடித் தட்டிலும் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டு பல்கனிதான் ஆபத்து. இருந்தாலும் பூசிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கு ஒன்று. உள்ளே கடையை நம்ப வேண்டாம். சோற்றுப் பார்சல், பொலித்தீன் பை எதுவும் வேண்டாம். காலைச் சாப்பாட்டை வெளியே வந்து சாப்பிடலாம். குடையை விட மழைச்சட்டை நல்லது. ஒடுங்கிய பாதையில் குடையை விரித்தால் பின்னால் வருகிறவருக்கு எதுவும் தெரியாது, முன்னால் நிற்கும் பறவையும் பறந்துவிடும்.

தொலைநோக்கி இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் அதற்காக வாங்க வேண்டாம், பாதி உயிரினங்கள் பத்தடி தூரத்திலேயே நிற்கும். மெர்லின் என்ற இலவச செயலி, பறவையின் சத்தத்தைக் கேட்டே பெயர் சொல்லும். இலங்கைப் பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு போங்கள், அங்கே நின்று டேட்டாவைக் கரைக்காதீர்கள்.

7. போகும் வழி

முதலில் நுகேகொடை போய்ச் சேருங்கள். புறக்கோட்டையிலிருந்து வரும் 138ஆம் இலக்க பஸ், ஹைலெவல் வீதியில் நுகேகொடை வழியாகத்தான் போகிறது. வெள்ளவத்தை, பாமன்கடைக்காரர்கள் ஹவ்லொக் வீதிப் பக்கம் ஏறி அதைப் பிடிக்கலாம். நுகேகொடையில் 176க்கு மாறுங்கள். அது தெஹிவளைப் பக்கம் கரகம்பிட்டியவிலிருந்து நுகேகொடை, கோட்டே, ராஜகிரிய, பொரளை என்று ஹெட்டியாவத்தை வரைக்கும் போகிற பஸ். தெஹிவளைக்காரருக்கு நேரடியாக அதுவே போதும், மாறத் தேவையில்லை. பொரளை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இருப்பவர்கள் அதே பஸ்ஸில் எதிர்ப்பக்கமாக வரலாம்.

பிடகோட்டே சந்தியில் இறங்கியபின் பெத்தகானப் பக்கம் நடை. வீடுகளுக்கு நடுவே போகும் அமைதியான வீதிகள், இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பில் பூங்காவின் வாசலைக் குறித்து வையுங்கள். பூங்காவின் பெயரை மட்டும் போட்டால் சில வேளை பச்சைப் பரப்பின் பின்பக்க ஒழுங்கைக்குக் கூட்டிப் போய், ஒரு மதிலுக்கு முன்னால் “வந்து சேர்ந்துவிட்டீர்கள்” என்று சொல்லும்.

ரயில் என்றால் களனிவெளிப் பாதையில் நுகேகொடை நிலையம் இருக்கிறது. ஆனால் காலையில் அந்தப் பாதை நகருக்குள் வேலைக்கு வருகிறவர்களுக்கானது. வெளியே போகும் பக்கம் ரயில்கள் குறைவு. நேரசூசியைப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

8. உள்ளே எப்படி நடப்பது

வாசலில் உள்ள வரைபடத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மறைவுக் குடிலைத் தேடிப் போங்கள், நேராக. எல்லாரும் வாசலுக்குப் பக்கத்தில் நின்று படமெடுத்து நேரத்தைக் கரைப்பார்கள், அதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். முதலில் தூரத்துக்குப் போங்கள், பலகைகளில் எழுதியிருப்பதைத் திரும்பி வரும்போது படிக்கலாம்.

குடிலில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பிள்ளைகளுக்கு இது கஷ்டம், பெரியவர்களுக்கு அதை விடக் கஷ்டம். முதல் மூன்று நிமிடத்துக்கு ஒன்றுமே தெரியாது, வெறும் கோரைப்புல். நாங்கள் உட்கார்ந்திருந்தபோது மச்சாள் “போவோமா?” என்று எழும்பப் பார்த்தாள். சரியாக அந்த நேரம் புல்லுக்குள்ளிருந்து ஒரு நீலத் தாழைக்கோழி வெளியே வந்தது. உடம்பு கத்தரிக்காய் நீலம், நெற்றியும் அலகும் சிவப்பு. ஒற்றைக் காலால் ஒரு தண்டைப் பிடுங்கி, நாம் கரும்பு பிடிப்பது போல விரல்களால் பிடித்து, அலகுக்குக் கொண்டுபோய்த் தோலை உரித்தது. மச்சாள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப்பின் அரை மணித்தியாலம் அவளை எழுப்ப முடியவில்லை.

வேறு என்ன தெரியும்? நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப் போட்டபடி நிற்கும். செந்நாரை, கொக்கு, மீன்கொத்தியில் இரண்டு மூன்று வகை, தண்ணீரில் கூட்டமாகச் சீழ்க்கைச் சிறகி. மேலே செம்பருந்து சுற்றினால் எல்லாச் சத்தமும் நின்றுவிடும், அதிலேயே தெரிந்துகொள்ளலாம். வலசைக் காலத்தில் ஆறுமணிக்குருவியையும் கேட்கலாம். அந்தப் பெயரே நேரத்தைச் சொல்கிறது: காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். தரையில் சருகைக் கிளறிக்கொண்டு திரியும் குருவி அது. மரத்தைப் பார்க்காமல் புதரின் அடியைப் பாருங்கள்.

நகரச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது என்று படித்துவிட்டு அதைத் தேடிப் போகாதீர்கள். அது இரவில் நடமாடும் பிராணி. நீங்கள் போகும் நேரம் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

கபரகொய்யாவை, அதாவது உடும்பு இனத்தில் தண்ணீரோரம் வாழும் பெரிய வகையை, கட்டாயம் காண்பீர்கள். எங்களுக்கு முன்னால் ஒன்று, என் உயரத்துக்கு இருக்கும், பலகைப் பாதையின் குறுக்கே படுத்திருந்தது. நாக்கு மட்டும் வெளியே வந்து போனது. தரையில் திரியும் சாதாரண உடும்பு என்று நினைத்துப் பக்கத்தில் போய்விடாதீர்கள், இது நீரோரத்து உருப்படி, வாலால் அடித்தால் நன்றாக வலிக்கும். துரத்தாது, பயப்பட ஒன்றுமில்லை. ஐந்தாறு அடி தள்ளி நின்று காத்திருந்தால் அது தன் பாட்டில் இறங்கிப் போய்விடும். எங்களுடையது ஏழு நிமிடம் எடுத்தது. காலைத் தட்டி விரட்டுகிற வேலை வேண்டாம், பணிஸ் துண்டு போடுகிற வேலையும் வேண்டாம். தீனி போட்டுப் பழக்கினால் அடுத்து வரும் பிள்ளையின் கையைப் பார்த்து அது ஓடி வரும்.

தண்ணீரில் இறங்காதீர்கள், விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போடாதீர்கள். தியவன்னாப் பக்கத்து நீர்நிலைகளில் முதலை கண்டதாக அவ்வப்போது செய்தி வரும். பாதையை விட்டு இறங்கினால் பார்க்கத் தரை மாதிரி இருப்பது தரையாக இருக்காது, முழங்கால் வரைக்கும் போகும். பூப்பறிப்பது, போனில் பாட்டுப் போடுவது, பறவைச் சத்தத்தைப் போட்டுப் பறவையை வரவழைப்பது இதெல்லாம் வேண்டாம். கடைசியாகச் சொன்னதைச் செய்கிறவர்கள் நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். கூடு காக்கிற பறவைக்கு அது எதிரி வந்த சத்தம்.

9. ஏதாவது நடந்தால்

அடிபட்டால் அல்லது பாம்பு கடித்தால் 1990, இலவச அம்புலன்ஸ். கடித்த இடத்தைக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், அசையாமல் உட்காருங்கள். காயப்பட்ட மிருகத்தையோ பறவையையோ கண்டால் தூக்காதீர்கள். பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள், அல்லது வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரைச் சொல்ல, இரண்டாவது படியில் பழகிய உச்சரிப்பு இங்கேயும் உதவும்.

10. திரும்பும்போது

ஒன்பது மணிக்கு வெளியே வந்தால் பூங்கா வாசலில் ஆட்டோ நிற்காது. செயலியில் கூப்பிட்டாலும் உள்வீதிக்குள் வர நேரம் எடுப்பார்கள். பிடகோட்டே சந்திக்கு நடந்து வந்துவிடுங்கள். பஸ்ஸும் உண்டு, காலைச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. நாங்கள் அங்கே இடியப்பமும் பருப்பும் சம்பலும் சாப்பிட்டோம். மச்சாள் அடுத்த கிழமை தியசரு போவோம் என்றாள். சரி, போவோம், ஆனால் பெட்டியைத் திறந்து அடையாள அட்டையை இப்பவே கைப்பைக்குள் வை என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது பலகையை ஒரு தடவை வாசியுங்கள். பொரளைப் பக்கம் போகிறதா நுகேகொடைப் பக்கம் போகிறதா என்று பார்க்காமல் ஏறி, நாங்கள் ராஜகிரிய வரைக்கும் போய்விட்டோம்.